டேப்புக்கு அடியில் எரிந்த விளக்கு

என் ரெஜினா அக்காவுக்கு,

உனக்கு வண்டி ஓட்டத் தெரியாதுன்னு சொல்லித்தான் உன்னைப் புதைச்சாங்க. பெட்டியை மூடியாச்சு, நீ கேட்டிருக்க முடியாது. அதனால நான் சொல்றேன். கல்லறைத் தோட்டத்துல மண்ணு தள்ளுறதுக்கு முன்னாடியே பேச்சு ஆரம்பிச்சிடுச்சு. "பொம்பளைக்கு எதுக்குப்பா ஸ்டியரிங்கு"ன்னு ஒருத்தர். "போன் பேசிக்கினே ஓட்டியிருக்கும்"னு இன்னொருத்தர். உன் புருஷன் சகாயம் மாமா தலையில அடிச்சிக்கினு அழுதாரு. "மெதுவா போ, மெதுவா போன்னு தலபாடா அடிச்சிக்கினேனே, கேக்கலியே!" அந்த அழுகை பொய்யில்ல. அதுக்குள்ள இருந்த சேதிதான் பொய்.

அம்மா என் தோளைப் பிடிச்சிக்கினு நின்னாங்க. "உங்கக்காவுக்குத் திமிருடி"ன்னாங்க. உன் முகத்தை மூடி கொஞ்ச நேரம்கூட ஆகல.

நானும் நம்பினேன் அக்கா. எனக்கு என்ன தெரியும்? ஸ்ரீபெரும்புதூர்ல வேலை, ஹாஸ்டல்ல ரூமு. கிறிஸ்துமஸுக்கு வந்தா நாலு நாள் இருப்பேன். நீ திண்டிவனத்துல டிரைவிங் ஸ்கூல் போய்க் கத்துக்கினதும், மாமாவோட காரை நீயே எடுத்துக்கினு பாண்டிக்குப் போய்ட்டு வர்றதும் எனக்குப் போன்ல வந்த செய்திதான். உன் குரல்ல அப்படி ஒரு பெருமை. "நான் ஓட்டசொல்ல பஸ்காரனே ஒதுங்கறான்டி"ன்னு சொல்லுவ.

செத்துப்போய்ட்டன்றதுக்காக உன்னைப் புனிதவதின்னு நான் எழுதப் போறதில்ல. டிப்ளமோ முடிச்சு நான் ஒர்க்‌ஷாப் வேலைக்குப் போனப்போ சொந்தக்காரங்க எல்லார் முன்னாடியும் என் கையைத் தூக்கிக் காட்டினவ நீ. "நகத்துக்குள்ள கிரீஸப் பாருங்க, இவள எவன் கட்டுவான்"னு சிரிச்ச. நானும் சேர்ந்து சிரிச்சேன். வேற என்ன செய்யறது? ஆனா அந்தக் கை பாக்கற வேலை என்னன்னு நீ ஒரு தடவையாவது கேட்டிருக்கியா? டயர், வீல், காத்து, பேலன்சிங். காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் இதுதான் என் பொழப்பு. உன் வண்டியில எரிஞ்ச விளக்கைப் பத்தி வீட்டுல ரெண்டு பேர்கிட்ட கேட்டிருக்க. எனக்கு ஒரு போன் போடணும்னு தோணலியே, ஏன் அக்கா?

நடந்ததை வரிசையா சொல்றேன்.

நீ போன பிறகு நான் பாண்டியில ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு மாறி வந்துட்டேன். நிஷா பாப்பாவுக்காகத்தான். லீவு நாள்ல எல்லாம் மரக்காணம் பஸ் ஏறிடுவேன். மாமா ஹார்டுவேர் கடையிலயே கிடப்பாரு. அம்மாதான் உங்க வீட்டுக்குப் போய் சோறாக்குவாங்க. பாப்பா பேச்சையே குறைச்சிக்கிச்சு. தலை பின்னி விட்டா, முடிக்கிற வரைக்கும் என் முட்டியைப் பிடிச்சிக்கினு இருக்கும், அவ்வளவுதான்.

உன் வருஷப் பூசை முடிஞ்ச அன்னைக்கே அம்மா பேச்சை எடுத்தாங்க. "வெளியில இருந்து ஒருத்தி வந்தா இந்தக் குழந்தைய கொடுமப்படுத்துவா. நீ கட்டிக்கோ."

கோவப்படாத. நான் சரின்னு சொன்னேன். மாமா மேல எனக்கு ஒண்ணும் இல்ல, அது உனக்கே தெரியும். அந்த முட்டியைப் பிடிச்சிருந்த கைக்காக சரின்னேன். மாமா ஒரு கண்டிஷன் போட்டாரு, கல்யாணத்துக்கப்புறம் நான் வேலைக்குப் போகக் கூடாதுன்னு. அதுக்கும் தலையாட்டினேன். ஈஸ்டர் முடிஞ்சதும் கோயில்ல ஓலை வாசிக்க ஆரம்பிச்சாங்க. இன்னாரு மகனுக்கும் இன்னாரு மகளுக்கும் கல்யாணம், தடை ஏதாச்சும் தெரிஞ்சா சொல்லுங்கன்னு மூணு ஞாயித்துக்கிழமை வாசிப்பாங்களே, அதுதான். உன் கல்யாணத்துக்கு வாசிச்ச அதே பீடத்துல நின்னு என் பேரை வாசிச்சாங்க.

ரெண்டாவது ஓலை முடிஞ்ச வாரம் மாமா கூப்பிட்டாரு.

"ஸ்டெல்லா, வண்டிய ரிப்பேர் பண்ணி வெச்சிருக்கேன். கதவெல்லாம் புதுசு. அந்த அலாய் வீலுதான் ராசியில்லாம போச்சு. கம்பெனில குடுத்த பழைய வீலு நாலும் கடைக்குப் பின்னாடி கெடக்குது. உங்க ஒர்க்‌ஷாப்புல நீயே மாட்டிக் குடுத்துடு. கல்யாணத்துக்கு அதுலதான் போவணும்."

நீ செத்த வண்டியில நான் மணப்பொண்ணா ஏறணுமாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்துல ஒரு சங்கடமும் இல்ல. அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்.

வண்டி வந்துச்சு. மூணு பக்கம் பளபளன்னு அலாய் வீலு, முன்பக்க இடதுல மட்டும் ஸ்டெப்னி. அன்னைக்கு உனக்கு டயரு வெடிச்சது அந்தப் பக்கம்தான். பழைய வீலு நாலும் டயரோடவே டிக்கியில கிடந்துச்சு, சிமெண்ட் தூசி படிஞ்சு.

உனக்கு இதை யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டாங்க, நான் சொல்றேன். அந்த மாதிரி வண்டியில ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளயும் காத்தடிக்கிற வால்வுக்கு அடியில ஒரு சின்ன சென்சார் இருக்கும். டயருல காத்து எவ்வளவு இருக்குதுன்னு அது வண்டிக்குச் சொல்லிக்கினே இருக்கும். காத்து குறைஞ்சா ஸ்டியரிங்குக்கு முன்னாடி ஒரு மஞ்சள் விளக்கு எரியும். ஒவ்வொரு சென்சாருக்கும் தனி நம்பர். தனக்குத் தெரிஞ்ச நம்பர் பேசினாத்தான் வண்டி கேக்கும். வீலை மாத்தினா பழைய சென்சாரைக் கழட்டி புது வீல்ல போடணும். இல்லன்னா புது சென்சார் வாங்கிப் போட்டு, அதோட நம்பரை வண்டிக்குப் பழக்கணும். ரெண்டும் செய்யலன்னா வண்டிக்குக் கண்ணு போன மாதிரி. எந்த டயருல காத்து இறங்குதுன்னு அதுக்குத் தெரியாது. தெரியலன்னு சொல்றதுக்காக அந்த விளக்கு ஓயாம எரிஞ்சிக்கினே இருக்கும்.

அலாய் போட்டவன் சென்சாரைக் கழட்டி அதுல மாத்தியிருப்பான், பழைய வீலு காலியா இருக்கும்னு நினைச்சி நான் புது சென்சார் எடுத்து வெச்சிருந்தேன். பழைய வீலுங்களுக்குக் காத்தடிச்சேன். மாட்டினேன். டயரைப் பிரிச்சி புது சென்சார் போடறதுக்கு முன்னாடி எதுக்கும் ஒரு தடவை பாப்போம்னு, சென்சாரை எழுப்புற கருவியை முன்பக்க இடது சக்கரத்துல வால்வு கிட்ட வெச்சேன். பீப்னுச்சு. நம்பர் வந்துச்சு, காத்து அளவு வந்துச்சு.

அடுத்த சக்கரம். பீப். பின்பக்கம் ரெண்டும் அப்படியே.

நாலு சென்சாரும் உயிரோட இருந்துச்சு அக்கா. மாமா கடைக்குப் பின்னாடி, சிமெண்ட் மூட்டைக்கும் சுவத்துக்கும் நடுவுல, நீ செத்த அன்னைக்கும் அதுங்க அங்கதான் கிடந்திருக்கு.

கருவியோட வயரை ஸ்டியரிங்குக்குக் கீழ செருகி, வண்டிக்கு எந்தெந்த நம்பர் தெரியும்னு கேட்டேன். அதே நாலு நம்பர். வேற எதையும் யாரும் அதுக்குச் சொல்லித் தந்ததே இல்ல. அப்படின்னா அலாய் போட்ட நாள்ல இருந்து விளக்கு எரிஞ்சிருக்கணும். இப்பவும் எரியணும். நான் பாத்தேன், எரியல.

குனிஞ்சு கிட்டக்கப் பாத்தேன். விளக்கு இருக்கிற இடத்துல கறுப்பு இன்சுலேஷன் டேப்பு. வட்டமா, அளவா வெட்டி, பக்கத்துல இருக்கிற கறுப்போட கறுப்பா ஒட்டியிருந்துச்சு. அவ்வளவு நேர்த்தியா ஒட்டினா தேடினாத்தான் தெரியும். நகத்தால உரிச்சேன். கிரீஸுன்னு நீ சிரிச்சியே, அந்த நகம்தான்.

அடியில மஞ்சளா எரிஞ்சிக்கினு இருந்துச்சு.

என்கூட வேலை செய்யிறவங்க "இன்னாச்சு ஸ்டெல்லா"ன்னாங்க. ஒண்ணுமில்லன்னேன். எடுத்த வேலையைப் பாதியில விட எனக்குத் தெரியாது, அதனால முடிச்சேன். எந்த வீலு எந்தப் பக்கம் இருக்குதுன்னு வண்டிக்குத் தெரியணும் இல்லியா? முன்பக்க இடதுல ஆரம்பிச்சு ஒவ்வொரு சக்கரமா சுத்தி வந்து கருவியை வெச்சி நம்பரைப் பதிஞ்சேன். ஒவ்வொண்ணுக்கும் வண்டி ஒரு தடவை ஹாரன் அடிச்சு "தெரிஞ்சிக்கினேன்"னுச்சு. அப்புறம் வெளியில எடுத்து ஓட்டினேன். காலாப்பட்டு தாண்டறதுக்குள்ள அந்த விளக்கு அணைஞ்சிடுச்சு. நாலு டயருக்கும் நாலு எண்ணு வரிசையா வந்து உக்காந்துச்சு.

அவ்வளவுதான் வேலை. ஒரு டீ குடிக்கிற நேரம். இதைச் செய்யாமத்தான் உன்னைக் கொன்னாங்க.

நான் ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பல. நேரா உப்பளத்து ரோட்டுக்குப் போனேன். நீ விழுந்த மதகுச் சுவர் பக்கத்துல பாத்தியில உப்பு வாரிக்கினு இருந்தாங்க. வெள்ளை வெயிலு, கண்ணு கூசுச்சு. உன்னை வண்டியில இருந்து இழுத்தது யாருன்னு கேட்டேன். கன்னியம்மான்னு ஒருத்தங்க பலகையைப் போட்டுட்டு கரைக்கு வந்தாங்க. காலெல்லாம் உப்பு வெடிப்பு. நீ வந்த வேகத்தைப் பத்தித்தான் முதல்ல கேட்டேன்.

"வேகமா எங்கம்மா வந்துச்சு? ஒரு பக்கமா சாஞ்சி, ஆடிக்கினு மெதுவாத்தான் வந்துச்சு. ஓரமா நிறுத்தத்தான் பாத்துச்சு போல. நாங்க பாத்துக்கினு இருக்கசொல்லவே டமால்னுச்சு. அப்படியே சுத்தி, சுவத்துல மோதி, கால்வாய்ல இறங்கிடுச்சு. பின்னால அடுக்கியிருந்த பெயிண்ட் டப்பாங்க எல்லாம் அது மேலயே வந்து விழுந்துது."

பெயிண்ட் டப்பா! அன்னைக்கு நீ பாண்டிக்குப் போனதே மாமா கடைக்குச் சரக்கு ஏத்திக்கினு வரத்தான்னு எனக்கு அப்பத்தான் தெரியும். கல்லறையில தலையில அடிச்சிக்கினு அழுத மனுஷன் அதைச் சொல்லவே இல்லியே. கொஞ்சங்கொஞ்சமா காத்து இறங்கின டயரு, அதுமேல அவ்வளவு பாரம், பங்குனி வெயில்ல கொதிக்கிற ரோடு. வெடிக்காம என்ன பண்ணும்?

"எதுனா பேசினாளா?"ன்னு கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

கன்னியம்மா முந்தானையில முகத்தைத் தொடச்சாங்க. "வேணாம்மா"ன்னாங்க. நான் விடல.

"'வண்டிக்கு ரொம்ப அடியா'ன்னு கேட்டுது. 'அவரு திட்டுவாரு'ன்னுது. அதுக்கப்புறம் பேசலம்மா."

இதை உன்கிட்டயே திருப்பிச் சொல்றது கொடுமைதான். ஆனா அந்த வார்த்தையை இந்த ஒரு வருஷமா அந்தப் பொம்பள தனியா சுமந்துக்கினு இருந்திருக்காங்க. இப்போ நான் சுமக்கறேன். நீயும் கொஞ்சம் சும. உயிர் போற நேரத்துல பெத்த பொண்ணைத் தேடல, சாமியைக் கூப்பிடல. ஒரு தகர வண்டிக்கு அடியாயிடுச்சேன்னு பயந்திருக்க. எவ்வளவு பயந்து வாழ்ந்திருந்தா அந்த நேரத்துல அது வாயில வரும்?

அங்கிருந்து கடைக்குப் போனேன். மதிய நேரம், ஆளில்ல. மாமா கல்லாவுல உக்காந்து சாப்பிட்டுக்கினு இருந்தாரு. உரிச்ச டேப்பு என் விரல் நுனியிலயே ஒட்டிக்கினு இருந்துச்சு. நீட்டினேன்.

"இத யாரு ஒட்டினது?"

பாத்தாரு. சோத்துல இருந்து கையை எடுக்கல. "நாந்தான். இன்னா இப்போ?"

"ஏன் மாமா?"

"அந்த லைட்டு சும்மா எரியுது. வீலு மாத்தினவனே சொன்னான். சென்சாரு கழட்டி மாட்டணும்னா இன்னொரு நாள் வண்டிய விடுங்கன்னான். யாருக்கு நேரம்? உங்கக்கா டெய்லி அதையே பாத்துக்கினு தொணதொணன்னா. 'ஏங்க, எரியுதுங்க. ஏங்க, பயமா இருக்குங்க.' காதுல ரத்தம் வந்துச்சு. அதான் ஒட்டினேன்."

"அவ கேட்டாளா?"

"கேட்டா. அதுக்கு இன்னா? டேப்பு ஒட்டினா சாவாங்களா? டயரு வெடிச்சது விதி."

"அப்போ வேகமா போனான்னு ஏன் மாமா ஊரெல்லாம் சொன்னீங்க?"

எழுந்து கையைக் கழுவினாரு. துண்டுல தொடச்சாரு. கிட்ட வந்து, தாழ்ந்த குரல்ல, பாசமாத்தான் சொன்னாரு. "ஸ்டெல்லா, நிஷாவ நெனச்சிப் பாரு. அம்மா போயிடுச்சு. அப்பன்தான் காரணம்னு அது காதுல விழுந்தா அதுக்கு யாரு இருக்கா? நீ புத்திசாலி."

பாப்பாவை எடுத்து என் கழுத்துல கத்தியா வெச்சாரு அக்கா, அவ்வளவு மெதுவா.

அம்மாகிட்ட ஓடினேன். அம்மாவாவது துடிச்சிப் போவாங்கன்னு நினைச்சேன். உங்க வீட்டு வாசல்ல மீன் கழுவிக்கினு இருந்தாங்க. எல்லாத்தையும் கொட்டினேன். டேப்பு, விளக்கு, பெயிண்ட் டப்பா, கன்னியம்மா சொன்னது. அம்மா கத்தியை நிறுத்தவே இல்ல, செதில் தெறிச்சிக்கினே இருந்துச்சு.

"தெரியும்"னாங்க.

எனக்குச் சரியா கேக்கலன்னு நினைச்சேன்.

"அவ என்கிட்டயும் வந்து சொன்னா. லைட்டு எரியுதும்மா, அவரு டேப்பு ஒட்டிட்டாருன்னு. புருஷன் சொன்னா கேட்டுக்கினு போடின்னு நாந்தான் சொன்னேன். இப்போ இன்னா பண்ண சொல்ற? நானும் சாவட்டுமா?"

"அப்புறம் ஏம்மா கல்லறையில நின்னு திமிருன்ன?"

அம்மா நிமிர்ந்து பாத்தாங்க. அந்தக் கண்ணுல தண்ணி இல்ல. "செத்தவளுக்கு இன்னாடி பேரு வேண்டிக்கிடக்குது? இருக்கறவங்க வாழ வேணாமா?"

நம்ம ரெண்டு பேரையும் பெத்தவங்க அக்கா. நான் அந்த வாசல்லயே உக்காந்துட்டேன். அம்மா விஷயம் தெரியாமத்தான் உன்மேல பழி சொன்னாங்கன்னு அதுவரைக்கும் நினைச்சிருந்தேன். தெரிஞ்சே சொல்லியிருக்காங்க. நீ கேட்ட, ரெண்டு பேர்கிட்ட கேட்ட. ரெண்டு பேரும் உன் வாயை மூடினாங்க. நீ செத்ததும், அவங்க மேல பழி விழக்கூடாதுன்னு அதை உன் தலைமேல ஏத்திட்டாங்க.

மூணாவது ஓலை ஞாயித்துக்கிழமை வந்துச்சு. நான் வர மாட்டேன்னு அம்மா நினைச்சாங்க. வந்தேன். பொம்பளைங்க பக்கம் முன்வரிசையில உக்காந்தேன். ஃபாதர் என் பேரையும் மாமா பேரையும் வாசிச்சாரு. "தடை ஏதேனும் அறிந்தவர்கள் தெரிவிக்கவும்"னு வழக்கம் போலச் சொல்லிட்டு அடுத்த அறிவிப்புக்குத் தாளைத் திருப்பினாரு. யாரும் அந்த இடத்துல எழுந்து நான் பாத்ததில்ல.

எழுந்தேன். "ஃபாதர், எனக்குத் தெரியும்"னேன்.

கோயிலே திரும்புச்சு. "பூசை முடியட்டும்மா, அறையில பேசலாம்"னு அவர் மெதுவாத்தான் சொன்னாரு. நான் நிறுத்தல. பீடத்தைப் பாக்காம ஜனங்களைப் பாத்துத் திரும்பி, "எங்கக்கா வேகமா ஓட்டிச் சாகல. வண்டியில ஆபத்துன்னு விளக்கு எரிஞ்சிக்கினு இருந்துச்சு. பயமா இருக்குதுன்னு அவ சொன்னா. அந்த விளக்கு மேல டேப்பு ஒட்டி, சரக்கு ஏத்த அனுப்பினது இவரு. நான் இவரைக் கட்டிக்க மாட்டேன்"னு சொன்னேன்.

அதோட எல்லாரும் என் பக்கம் வந்துட்டாங்கன்னு எழுத எனக்கும் ஆசைதான். வரல. மாமா தலையைக் குனிஞ்சிக்கினு வெளியில போனாரு. நாலஞ்சு ஆம்பளைங்க அவர் தோள்ல கைபோட்டுக்கினு கூடவே போனாங்க. பின்வரிசையில ஒரு பொம்பள, "கோயில்ல வந்து பேசற பேச்சா இது"ன்னாங்க. இன்னொருத்தங்க, "வேற எவனையோ பாத்து வெச்சிருக்கா, அதான் பழி போடறா"ன்னாங்க. கண்ணாடிக் கதவு பக்கத்துல நின்ன ஒரு பாட்டி மட்டும் என் கையைப் பிடிச்சு அழுத்தினாங்க. யாருன்னுகூட எனக்குத் தெரியாது.

வக்கீல் ஒருத்தரைப் போய்ப் பாத்தேன். பொறுமையாத்தான் கேட்டாரு. "வெடிச்ச டயரு இல்ல, அந்த வீலு இல்ல, டேப்பையும் நீயே உரிச்சிட்ட. கடையில உன்கிட்ட சொன்னத அவரு கோர்ட்டுல சொல்லுவாரா?"ன்னாரு. சொல்ல மாட்டாரு. அதோட அந்தக் கதவும் மூடிச்சு.

அப்புறம் நடந்ததுதான் தாங்கல. பாப்பாவைப் பாக்க விடமாட்டேன்னுட்டாங்க. அம்மா என் பக்கம் வரல, மாமா வீட்டோடயே தங்கிட்டாங்க. லீவு நாள்ல பஸ் ஏறி வருவேன். கதவு சாத்தியிருக்கும். உள்ள பாப்பா நடக்கிற கொலுசுச் சத்தம் கேக்கும். "பாப்பா"ன்னு கூப்பிட்டா அந்தச் சத்தம் நின்னுடும். பிரம்மதேசத்துப் பக்கத்துல மாமாவுக்கு வேற பொண்ணு பாக்கறாங்களாம். அவளுக்கு இதையெல்லாம் யாராவது சொல்லுவாங்களா? நான் போய்ச் சொன்னா நம்புவாளா?

இன்னைக்குக் கல்லறைத் திருநாள். உன்கிட்ட வந்தேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதத்தையே ஆரம்பிச்சேன்.

காலையில மழை விட்டிருந்துச்சு. உன் கல்லறையைக் கழுவி சாமந்தி வெச்சிக்கினு இருந்தேன். அம்மா பாப்பாவைக் கூட்டிக்கினு வந்தாங்க. என்னைப் பாத்ததும் அதைத் தன் பின்னாடி இழுத்துக்கினாங்க. நானும் எழுந்து நாலடி தள்ளி நின்னுக்கினேன். பாப்பா வளர்ந்துடுச்சு அக்கா. கவுனு முட்டிக்கு மேல ஏறிடுச்சு. மெழுகுவத்தி ஏத்திச்சு. அப்புறம் முட்டி போட்டுச்சு. உன் சிலுவையைப் பாத்து ஏதோ சொல்லிச்சு. ஜெபம் பண்ணுதுன்னுதான் நினைச்சேன். காத்து என் பக்கம் அடிச்சதால கேட்டுச்சு.

"சாரிம்மா. சாரிம்மா. நான் ஸ்கூல்ல வெயிட் பண்ணியிருப்பேன்மா. நீ மெதுவாவே வந்திருக்கலாம்."

எனக்கு ஒரு நிமிஷம் ஒண்ணும் புரியல. அப்புறம் புரிஞ்சிடுச்சு. "உன்னை ஸ்கூல்ல இருந்து கூட்டிக்கினு வரத்தான் உங்கம்மா அவசரமா வந்தா, அதான் செத்துட்டா"ன்னு அந்த மனுஷன் பாப்பாகிட்ட சொல்லி வெச்சிருக்காரு. மூணாங்கிளாஸ் படிக்கிற குழந்தைகிட்ட! தான் தப்பிக்க உன்மேல போட்ட பழி பத்தலன்னு, மிச்சத்தை அதுமேல இறக்கி வெச்சிருக்காரு. இந்த ஒரு வருஷத்துக்கு மேல அது பேசாம இருந்தது உன்னைத் தேடி மட்டும் இல்ல அக்கா. தன்னாலதான் நீ செத்தன்னு நினைச்சிக்கினு இருந்திருக்கு.

ஓடிப்போய் சேத்துல உக்காந்து அதோட ரெண்டு தோளையும் பிடிச்சேன். "நிஷா, இங்க பாரு. அம்மா வேகமா வரல. உனக்காக அவசரப்படல. அப்பா கடைக்குப் பெயிண்ட் வாங்கிக்கினு மெதுவா வந்தா. டயருல காத்து இல்ல. அதான் வெடிச்சுது. உன்னால இல்ல. உன்னால இல்ல பாப்பா."

நம்ம அம்மா ஓங்கி அறைஞ்சாங்க. என்னை இல்ல. பாப்பாவை. வாய் மேலயே. "ஆயா சொன்னேன்ல, இங்க எதுவும் பேசக்கூடாதுன்னு!" தரதரன்னு இழுத்துக்கினு போனாங்க. சுத்தி நின்ன சனம் மெழுகுவத்தியை மறைச்சிக்கினு பாத்துச்சு.

பாப்பா அழல. கல்லறைத் தோட்டத்து கேட்டு வரைக்கும் என்னையே திரும்பித் திரும்பிப் பாத்துக்கினே போச்சு. உதட்டுல ரத்தம். கேட்டுக்கிட்ட போனதும், அம்மா கையை உதறிட்டு நின்னு கேட்டுச்சு, எல்லாருக்கும் கேக்கற மாதிரி. "நிஜமா சித்தி?"

"நிஜம்"னு கத்தினேன்.

அக்கா, அந்த வீட்டுக்குள்ள என்னை விடமாட்டாங்க. கோர்ட்டும் எனக்குப் பாப்பாவைத் தராது. நான் வெறும் சித்திதான். ஆனா அது படிக்கிற ஸ்கூல் கேட்டு பொது ரோட்டுலதான் இருக்குது. வாராவாரம் லீவு போட்டுட்டு அங்க வந்து நிப்பேன். தூரத்துல இருந்தாவது அது என்னைப் பாக்கட்டும். கேள்வி கேக்கறப்போ எல்லாம் இதே பதிலைத்தான் சொல்லுவேன், மெல்லமா இல்ல, எல்லாருக்கும் கேக்கற மாதிரி. என்னை அடிச்சாலும் சொல்லுவேன். உன் பொண்ணு தன்மேல குத்தம்னு நினைச்சிக்கினே வளர விடமாட்டேன். இதை உன் மண்ணைத் தொட்டுச் சொல்றேன்.

என் வயித்துல பொறக்கலன்னாலும் உன் பொண்ணுக்குச் சின்னம்மா,
உனக்குப் பின்னாடி பொறந்தவ,
ஸ்டெல்லா